சொல் விளக்கம்: ஒட்சிசன் காவி

வெள்ளவத்தையில் ஏதாவதொரு கோயில் மண்டபத்தில் குருதிக்கொடை முகாம் நடக்கும்போது, கையை நீட்டிப் படுத்திருப்பவர்களில் ஒருவராவது, "செயற்கை இரத்தம் கண்டுபிடிச்சிட்டினமாமே மிஸ், இனி எங்களைக் குத்தத் தேவையில்லைத்தானே" என்று தாதியிடம் கேட்காமல் விடுவதில்லை. கேட்பவரைக் குறை சொல்வதற்கில்லை. பத்திரிகைகள் அப்பொருளுக்கு இட்ட பெயரே அப்படி எண்ண வைக்கிறது. அதே திரவத்தை இரசாயனவியலாளர் பரபுளோரோகாபன் என்பர். மருத்துவர் அதன் வேலையை வைத்து ஒட்சிசன் காவி என்பர். இம்மூன்று பெயர்களுள் பிழையானது "செயற்கை இரத்தம்" என்பதே.

முதலில் இரசாயனப் பெயரைப் பிரித்துப் பார்ப்போம். காபன் என்பது கரியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. புளோரீன் என்பதற்கு வேர், ஒழுகுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினை. உலோகம் உருக்குவோர் தாதுவை எளிதில் இளகி ஓடச்செய்யச் சேர்த்த ஒரு கனியத்திலிருந்து அம்மூலகத்துக்குப் பெயர் வந்தது. பெயரை 1812இல் அம்பியர் முன்மொழிந்தார். மூலகத்தைத் தனியாகப் பிரித்தெடுக்க 1886இல் முவசான் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 'பர' என்ற முன்னொட்டுத்தான் நம்மவரை மயக்குவது. பரம்பொருள் என்பதில் உள்ள வடசொல் அன்று இது. 'முற்றாக' என்னும் பொருள்படும் இலத்தீன் முன்னொட்டை இலங்கைப் பாடநூல் மரபு இவ்வாறு எழுத்துப்பெயர்த்தது. புண் கழுவும் ஊதா நிறப் பொற்றாசியம் பரமங்கனேற்றில் இருப்பதும் இதுவே, ஆனால் அங்கு அது உயர்ந்த ஒட்சியேற்ற நிலையைச் சுட்ட, இங்கு ஐதரோகாபனில் உள்ள ஐதரசன் அணுக்கள் யாவும் நீங்கி அவற்றின் இடத்தில் புளோரீன் அமர்ந்துவிட்டதைச் சுட்டுகிறது. எனவே பொருள் விளங்க எழுத வேண்டுமாயின் 'முற்றாகப் புளோரீனேற்றிய காபன் சேர்வை' எனலாம். நீளம்தான், ஆயினும் ஒரு கட்டுரையில் ஒருமுறை அப்படி எழுதிவிட்டால், பிறகு பரபுளோரோகாபன் என்று சுருக்கிக்கொள்வதில் தடையில்லை.

இச்சேர்வைகளில் காபனும் புளோரீனும் மிக வலுவாகப் பிணைந்திருப்பதால், உடலில் அவை எதனோடும் தாக்கம் புரிவதில்லை. மூலக்கூறுகளுக்கு இடையிலான கவர்ச்சியோ மிகவும் நொய்தானது. அந்த நெகிழ்வில் வாயுக்கள் எளிதாகக் கரைந்து இடம் பிடிக்கின்றன. ஒரு வளிமண்டல அமுக்கத்தில் தூய ஒட்சிசனோடு தொடர்புற்றிருக்கும் 100 மில்லிலீற்றர் நீரில் ஏறத்தாழ 3 மில்லிலீற்றர் ஒட்சிசனே கரையும். அதே அளவு பரபுளோரோகாபனில் 40 முதல் 50 மில்லிலீற்றர் வரை கரையும். நமது குருதியின் 100 மில்லிலீற்றரில் உள்ள ஒட்சிசன் சுமார் 20 மில்லிலீற்றர். இந்த எண்களை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவர், குருதியையே வென்றுவிட்டார்கள் என்று நினைப்பது இயல்பு. ஆனால் குருதியில், செங்குழியங்களிலுள்ள ஈமோகுளோபின் என்னும் புரதம் ஒட்சிசனைப் பிணைத்துக்கொள்கிறது. சாதாரண வளியைச் சுவாசித்தாலே அது ஏறத்தாழ நிரம்பிவிடும். பரபுளோரோகாபனோ ஒட்சிசனைக் கரைத்து மட்டுமே வைத்திருக்கிறது. கரையும் அளவு அமுக்கத்துக்கு நேர்விகிதமாதலால், ஒட்சிசன் ஐந்தில் ஒரு பங்காக உள்ள வளியில் அதன் கொள்ளளவும் ஐந்தில் ஒன்றாகச் சுருங்கிவிடும். ஆகவே இதை ஏற்றிக்கொண்ட நோயாளி செறிந்த ஒட்சிசனைச் சுவாசித்தபடியே இருக்க வேண்டும்.

இன்னொரு தடையும் உண்டு. பரபுளோரோகாபன் நீரோடு கலவாது. அப்படியே நாளத்தில் செலுத்தினால் குருதியோட்டத்தை அடைத்துவிடும். தேங்காய்ப்பாலில் எண்ணெய் நுண்துளிகளாக நிற்பதுபோல், இதையும் செங்குழியத்தைவிடப் பன்மடங்கு சிறிய துளிகளாக உடைத்துப் பால்மமாக்கியே ஏற்றுகிறார்கள். பால்மத்தில் நீரே பெரும்பங்கு என்பதால் மேலே சொன்ன 40, 50 என்ற எண்கள் மேலும் கரைந்துபோகின்றன. பணி முடிந்தபின் இத்துளிகள் சிறுநீரில் போவதில்லை; ஈரலிலும் மண்ணீரலிலும் சிறிது காலம் தங்கி, பின்னர் ஆவியாகி மூச்சோடு நுரையீரல் வழியே வெளியேறுகின்றன.

இனிக் காவி. தமிழகத்து வாசகர் பலருக்கு இச்சொல்லைக் கண்டதும் துறவியின் ஆடைதான் நினைவுக்கு வரும். நமக்கோ காவுதல் என்பது அன்றாட வினை; சந்தையிலிருந்து பையைக் காவிக்கொண்டு வருகிறோம், டெங்கு நுளம்பை நோய்க்காவி என்கிறோம். கா என்பது தோளில் சுமக்கும் தண்டு, காவடி என்பதன் முதலெழுத்து. புறநானூற்றின் 206ஆம் பாட்டில் ஔவையார் "காவினெம் கலனே" என்பது இசைக்கருவிகளைத் தோளில் தூக்கிக்கொண்டு புறப்பட்டதைத்தான். சுமப்பவர் வேறு, சுமை வேறு என்பதும், கொண்டுபோய் இறக்குவதற்கே சுமக்கிறார் என்பதும் இவ்வினைக்குள்ளேயே இருப்பதால், கரைத்தெடுத்துத் திசுக்களில் விட்டுச்செல்லும் இத்திரவத்துக்கு 'கடத்தி', 'ஏந்தி' ஆகியவற்றைவிடக் காவி பொருந்துகிறது என்பேன். மின்னுக்கு உரியதாகிவிட்ட கடத்தியை இங்கு இழுப்பது வீண் குழப்பம்.

வரலாறும் இப்பெயருக்கே சான்று பகர்கிறது. 1966இல் கிளார்க்கும் கொலனும் ஒட்சிசனூட்டிய புளோரோகாபன் திரவத்துள் சுண்டெலிகளை மூழ்கவைத்து, அவை திரவத்தையே சுவாசித்து உயிர்வாழ்வதைக் காட்டினர். 1968இல் கையர், எலிகளின் குருதியை ஏறத்தாழ முழுமையாக நீக்கிப் பால்மத்தை ஏற்றினார். ஒட்சிசன் செறிந்த சூழலில் வைக்கப்பட்ட அவை, தம் குருதியைத் தாமே மீளவும் உருவாக்கிக்கொண்டன. ஜப்பானில் உருவான புளூசோல் என்னும் பரபுளோரோகாபன் பால்மம் 1989இல் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றது, ஆனால் குருதிக்கு ஈடாக அன்று: முடியுரு நாடியை பலூனால் விரிக்கும்போது இதயத் தசைக்கு ஒட்சிசன் கொண்டுசெல்வதற்காக. உறைநிலையில் வைத்துப் பின்னர் இளக்கிக் கலக்க வேண்டிய தொல்லையும் சேர்ந்து, 1994இல் அது சந்தையிலிருந்து நீங்கிற்று. 1996இல் உருசியாவில் பதிவான பெர்ப்டோரான் என்னும் இத்தகைய பால்மத்தை அங்குள்ளவர்கள் நீலக்குருதி என்று செல்லமாக அழைத்தார்கள். பத்திரிகைத் தலைப்பு மோகம் எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

குருதியில் ஒட்சிசனைக் காவும் செங்குழியங்களோடு, கிருமியை எதிர்க்கும் வெண்குழியங்களும், குருதியை உறையவைக்கும் சிறுதட்டுகளும், புரதங்கள் நிறைந்த திரவவிழையமும் உள்ளன. இவற்றில் ஒன்றின் வேலையை மட்டும் செய்வதை 'குருதிப் பதிலீடு' என்பதும் மிகைதான்; 'குருதி மாற்று' என்றாலோ இரத்தம் ஏற்றுதலோடு குழம்பிவிடும். பாடநூல் நடையில் 'செயற்கை ஒட்சிசன் காவி' என்றும், பொதுவாசகருக்கு எழுதுகையில் 'உயிர்வளிக்காவி' என்றும் வழங்கலாம். ஒட்சிசன் என்பதற்கு மூலப்பொருள் 'அமிலம் பிறப்பிப்பது'. அது இலவோசியேயின் பிழையான கருத்தில் பிறந்த பெயர் என்பதால் உயிர்வளிக்கு இங்கு ஒருபடி கூடுதல் உரிமையும் உண்டு. ஈமோகுளோபினைத் திருத்தியமைத்துச் செய்யும் மற்றொரு வகையும் இருப்பதால், வேறுபடுத்த வேண்டிய இடத்தில் 'புளோரோகாபன் சார்ந்த', 'ஈமோகுளோபின் சார்ந்த' என்னும் அடைகளை முன்னே சேர்த்துக்கொள்க.