பள்ளி பேண்டு ஏன் "ஓடுகிறது"?

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என் மகள் பள்ளி பேண்டில் சைடு டிரம் வாசிக்கிறாள். வீட்டில் தனியாக அடித்தால் தாளம் நிற்கிறது. எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்தால் பாதியிலேயே வேகம் பிடித்துவிடுகிறது. பிள்ளைகளுக்குப் பதற்றமா, மாஸ்டர் சரியில்லையா?"

மாஸ்டரை விட்டுவிடுங்கள், பாவம். சேர்ந்து வாசிப்பதன் இயல்பே அப்படி.

ஒரு ஒலி காதில் விழுந்து, மூளைக்குப் போய், கை அசைவதற்குக் கிட்டத்தட்ட 150 மில்லிவினாடி ஆகும். பக்கத்துப் பிள்ளை அடிக்கட்டும், கேட்டுவிட்டு அடிக்கலாம் என்று இருந்தால் ஒவ்வொரு அடியும் பிந்தித்தான் விழும். அதனால் யாரும் காத்திருப்பதில்லை. அடுத்த அடி எப்போது என்று மூளை முன்கூட்டியே கணக்குப் போட்டுக் கையை அனுப்பிவிடுகிறது. சீராக 'டிக் டிக்' என்று தாளம் காட்டும் கருவியான மெட்ரோனோமின் 'டிக்'குக்கு ஒத்து விரலைத் தட்டச் சொல்லி அளந்து பார்த்தால், பெரும்பாலோரின் விரல் சில பத்து மில்லிவினாடி முந்தியே விழுகிறது. தட்டுகிறவருக்கோ சரியாகத் தட்டிய நினைப்பு!

கணிப்பு என்றால் தப்பும். தப்பினால் அடுத்த அடியில் திருத்த வேண்டும். எவ்வளவு திருத்துவது? இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சைடு டிரம்மைவிட பேஸ் டிரம் 40 மில்லிவினாடி பிந்திவிட்டது என்று வையுங்கள். இரண்டு பிள்ளைகளும் ரொம்பப் பொறுப்பானவர்கள். சைடு டிரம் பிள்ளை அடுத்த அடியை 40 தள்ளிப்போடுகிறாள். பேஸ் டிரம் பையன் 40 முன்னால் இழுக்கிறான். விளைவு? இப்போது பேஸ் டிரம் 40 முந்தி நிற்கிறது. மறுபடி இருவரும் முழுசாகத் திருத்த, பழையபடி தலைகீழ். வேலூர் லாங்கு பஜார் சந்தில் எதிரெதிரே வருகிற இருவர் ஒரே பக்கம் ஒதுங்கி, மறுபடி ஒரே பக்கம் ஒதுங்கி முழிப்பார்களே, அதே கதை. ஆளுக்குப் பாதி, அதாவது 20 மட்டும் திருத்தினால் அடுத்த அடியே ஒன்றாக விழும். நால்வர் என்றால், மற்ற மூவரில் ஒவ்வொருவரோடும் உள்ள வித்தியாசத்தில் கால் பங்கு திருத்த வேண்டும். நால்வரும் சராசரியில் வந்து சேருவார்கள். காகிதத்தில் போட்டுப் பாருங்கள், பத்தாம் வகுப்புக் கணக்குதான்.

இது வெறும் காகிதக் கணக்கும் இல்லை. 2014இல் வெளியான ஓர் ஆய்வில் இரண்டு தந்திவாத்திய நால்வர் குழுக்களை அளந்தார்கள். ஒரு குழுவில் நால்வரும் ஏறக்குறைய சமமாக விட்டுக்கொடுத்தார்கள். இன்னொன்றில் முதல் வயலின்காரர் அவ்வளவாக அசைந்துகொடுக்கவில்லை. மற்றவர்கள்தான் அவரை ஒட்டி வந்தார்கள். இரண்டு விதத்திலும் இசை நடக்கிறது.

சரி, வேகம் ஏன் கூடுகிறது? தனியாகத் தட்டுவதைவிட ஜோடியாகத் தட்டினால் வேகம் அதிகம் கூடுகிறது என்று 2017இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். முந்தி விழுந்த அடியைக் கேட்டவர் தன்னுடையதை முன்னால் இழுத்துக்கொள்கிறார். முந்தியவர் அதே அளவு தள்ளிப்போடுவதில்லை. அந்த மிச்சம் சேர்ந்துகொண்டே போகிறது என்பது ஒரு விளக்கம்.

தூரமும் விளையாடும். வேலூர் வெயிலில் ஒலி வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். நேதாஜி மைதானத்தில் அணிவகுப்பின் முன்னால் பேண்டு, 35 மீட்டர் பின்னால் கடைசி வரிசை என்றால், முரசு 100 மில்லிவினாடி பிந்திக் கேட்கும். நிமிடத்துக்கு 120 காலடி வைக்கிற நடையில் அது ஒரு காலடி நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. கால்கள் அலை அலையாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். பிள்ளைகளைத் திட்டிப் பயனில்லை. ஸ்டான்ஃபோர்டில் இருவரைத் தனித்தனி அறையில் உட்காரவைத்துக் கைதட்டச் சொன்னார்கள். இடையில் ஒலி பிந்துவது சுமார் 11 மில்லிவினாடிக்குக் குறைந்தால் வேகம் ஏறியது, கூடினால் இறங்கியது. 11 மில்லிவினாடி என்றால் ஒலிக்குக் கிட்டத்தட்ட நாலு மீட்டர் தூரம். நம் வட ஆற்காட்டுத் தெருக்கூத்தில் ஹார்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் தாளமும் தோளோடு தோள் உரச உட்காருவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஒலி பிந்துவது ஐந்தாறு மில்லிவினாடிதான்.

ஆகவே வாசகருக்கு: பேஸ் டிரம்மை நடுவில் வையுங்கள், பிள்ளைகளை அரைவட்டமாக நெருக்கி நிறுத்துங்கள். நெருங்கினால் வேகம் ஏறப் பார்க்கும்; அதைப் பிடித்து நிறுத்த, நிதானமான ஒரு பிள்ளையிடம் மட்டும் "யார் ஓடினாலும் நீ ஓடாதே" என்று சொல்லிவையுங்கள்.

"பேண்டில் சேர்ந்தால் கணக்கு வருமா" என்றும் கேட்டிருக்கிறார். மொட்சார்ட் கேட்டால் மூளை வளரும் என்ற பேச்சு 1993இல் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஒரு சின்னச் சோதனையிலிருந்து கிளம்பியது. அதில் கிடைத்த பலனே பத்துப் பதினைந்து நிமிடம்தான் நின்றது. அதை நம்பிப் பச்சைக்குழந்தைக்கு சிடி வாங்கியவர்கள் ராசிக்கல் வாங்கியவர்களைச் சிரிக்க வேண்டாம். 2010இல் ஜெர்மனியின் லைப்சிக்கில் நடந்த சோதனை வேறு வகை. நான்கு வயதுப் பிள்ளைகளில் சில ஜோடிகள் சேர்ந்து பாடி, ஆடி, கொட்டினார்கள். மற்றவர்கள் அதே விளையாட்டை இசையில்லாமல் ஆடினார்கள். பிறகு ஒரு பிள்ளையின் கையிலிருந்த குழாயிலிருந்து கோலிகள் சிதறியபோது, ஓடிவந்து பொறுக்கித் தந்தவர்கள் இசை ஜோடிகளில்தான் அதிகம். ஆக, கணக்கு வருமோ என்னமோ, கூட இருப்பவருக்கு உதவும் மனசு வரலாம்.

இந்த மாதிரி சோதனைக்குக் கோடி வேண்டாம். இரண்டு மைக்கும் ஒரு மடிக்கணினியும் போதும். நம் ஊர்க் கல்லூரி ஒன்று ஒரு கூத்துக் குழுவோடு ஒரு ராத்திரி உட்கார்ந்தால், தாளக்காரர் எத்தனை பங்கு விட்டுக்கொடுக்கிறார் என்று அளந்துவிடலாம். செலவுக்குக் கையெழுத்துப் போட ஓர் ஆள்தான் வேண்டும்.