429 கோடிக்குள்ள ஒளிஞ்சிருந்த 641

4294967297. நம்ம ஊர் கணக்குல 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. பாத்தா ஏதோ ஃபோன் நம்பர் மாதிரி இருக்கும், ஆனா முப்பத்திரண்டு 2-ஐ ஒண்ணோட ஒண்ணு பெருக்கி கடைசில 1 கூட்டினா இதுதான் வரும்.

17ஆம் நூற்றாண்டுல பிரான்ஸ்ல பெர்மான்னு ஒரு கணித மேதை, 2-க்கு அடுக்கா 1, 2, 4, 8, 16-னு போட்டு ஒவ்வொண்ணுலயும் 1 கூட்டிப் பாத்தாரு. 3, 5, 17, 257, 65537, அஞ்சுமே பகா எண். அப்போ இந்த வரிசைல வர்றது எல்லாமே பகா எண்தான்னு நம்பிட்டாரு, நிரூபிக்க மட்டும் முடியல. அடுத்த அடுக்கு 32, அதாவது நம்ம நம்பர்.

1732ல ஆய்லர்ங்கிற இன்னொரு கணித மேதை அதைப் போட்டு உடைச்சாரு, 641 × 6700417. அவருக்கு அப்போ வயசு 25.

இந்த நம்பரை வகுக்கிற எந்தப் பகா எண்ணா இருந்தாலும் அதை 64ஆல வகுத்தா மீதி 1தான் வரணும், இதையும் ஆய்லரே பின்னாடி நிரூபிச்சாரு. அப்போ 193, 257, 449, 577, அடுத்தது 641, அஞ்சாவது தடவைலயே மாட்டிக்கும். இந்த ட்ரிக் தெரியாம 2, 3, 5-னு வரிசையா வகுத்துட்டு வந்தாலும் 641ங்கிறது 116ஆவது பகா எண்தான், ரெண்டு நாள் உக்காந்தா முடிஞ்சிரும், பெர்மா எப்படி இதைக் கோட்டை விட்டாருன்னு எனக்கு இன்னமும் புரியல.

பெருசா வகுக்காமலே 641 சரின்னு காட்டலாம், அதுதான் இதுல செம அழகு. 640ங்கிறது 5 × 2^7 (2^7னா ஏழு 2-ஐ பெருக்கினது). 641க்கு ஒண்ணு கம்மி, அதனால 641ஆல வகுத்தா வர்ற மீதிய -1னு வச்சுக்கலாம். அதையே நாலு தடவை பெருக்கினா 5^4 × 2^28, மீதி +1. இப்போ 5^4ங்கிறது 625, அதாவது 641க்கு 16 கம்மி, அதனால 625 இருக்கிற இடத்துல -16 போட்டுக்கலாம், 16 தான் 2^4 ஆச்சே, அப்போ மொத்தமா -2^32 ஆயிடுது, அதோட மீதி 1. குறிய மாத்தினா 2^32க்கு மீதி -1, அதுல 1 கூட்டுங்க, மீதி பூஜ்யம். முடிஞ்சுது.

65537க்கு மேல இந்த வரிசைல இதுவரைக்கும் ஒரு பகா எண் கூட சிக்கல.