வரிவழிச் செலவு

வரவு செலவுத் திட்டத்தைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம், ஒரு செலவு மட்டும் கணக்கில் சிக்குவதே இல்லை. இதில் அரசு யாருக்கும் பணத்தை எடுத்துத் தராது. வரவேண்டிய வரியை வாங்காமல் விட்டுவிடும். ஆங்கிலத்தில் இதற்கு ‘டேக்ஸ் எக்ஸ்பெண்டிச்சர்’ என்று பெயர். அமெரிக்க நிதித்துறையில் வரிக்கொள்கையைக் கவனித்துவந்த ஸ்டான்லி சர்ரி 1967இல் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். நூறு டாலர் மானியம் கொடுத்தாலும் நூறு டாலர் வரியை விட்டுக்கொடுத்தாலும் கஜானாவுக்குக் குறைவது அதே நூறுதானே என்பது அவர் வாதம். இந்தச் செலவுகளைப் பட்டியலிட வேண்டும் என்று 1974இல் அங்கே சட்டமே வந்துவிட்டது.

சிங்கப்பூரில் பிப்ரவரியில் திட்டம் அறிவிக்கப்பட்டதும் நாடாளுமன்றம் ஒவ்வோர் அமைச்சின் செலவையும் அலசும். வரிக்கழிவுகள், அதாவது வரி கணக்கிடும்முன் ஒருவரின் வருமானத்திலிருந்து கழித்துவிடும் தொகைகள், எந்த அமைச்சின் செலவுக் கணக்கிலும் வராதவை.

மசேநிதியை, அதாவது ஓய்வுக்காலத்துக்கும் சேமிக்கும் மத்திய சேமநிதியை, எடுத்துக்கொள்வோம். சொந்தக் கணக்கில் 8,000 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) ரொக்கமாக நிரப்பினால் அந்தத் தொகைக்கு வரிக்கழிவு உண்டு. வரிக்குட்பட்ட வருமானம் ஒரு மில்லியனை நன்றாகத் தாண்டியவருக்கு 24 விழுக்காடு வீதம் 1,920 வெள்ளி மிச்சம். 28,000 வெள்ளி உள்ளவருக்கு 2 விழுக்காட்டில் 160 வெள்ளிதான். 20,000க்கு உட்பட்டவருக்கு ஒன்றுமே இல்லை, அவர் கட்ட வரியே கிடையாது. இதையே ரொக்க மானியமாக அறிவித்திருந்தால், வசதியுள்ளவருக்குப் பன்னிரண்டு மடங்கா என்று அவையில் யாராவது கேட்டிருப்பார்கள். கழிவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேசியச் சேவையாளருக்கும் பெற்றோரைப் பராமரிப்பவருக்கும் கிடைப்பது நியாயமான உதவி. வேலைக்குச் செல்லும் தாய்மாருக்கான கழிவு முன்பு சம்பளத்தில் இத்தனை விழுக்காடு என்று இருந்தது. 2024 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்கு அது நிலையான தொகையாகிவிட்டது: முதல் பிள்ளைக்கு 8,000, இரண்டாவதற்கு 10,000, அதற்கு மேல் 12,000. நல்ல மாற்றம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? நம்மிடம் ‘இறையிலி’ என்ற பழைய சொல் இருக்கிறது. இறுப்பது இறை, அதாவது செலுத்தும் வரி. அது இல்லாத நிலம் இறையிலி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் ஓர் ஊரின் மொத்த நிலத்தை முதலில் சொல்லும். அப்புறம் ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு என்று எதெது இறையிலி என வரிசையாக எழுதிக் கழித்துவிட்டு, மீதிக்கு மட்டும் இறையைக் குறிக்கும். விட்டுக்கொடுத்ததையும் எல்லாரும் பார்க்கக் கல்லில் வெட்டி வைத்தார்கள். ஆனாலும் அந்தச் சொல் நிலத்தின் நிலையைச் சொல்கிறதே தவிர, அரசின் செலவைச் சொல்லவில்லை.

‘வரிச் செலவினம்’ என்று எழுதுபவர்கள் உண்டு. வரி வசூலிக்க ஆகும் செலவோ என்று அது குழப்பும். ‘வருவாய் இழப்பு’ என்றால் ஏதோ தவறிப்போன பணம் போல ஒலிக்கிறது, இதுவோ தெரிந்தே கொடுப்பது. ‘வரிவழிச் செலவு’ என்பதையே நான் பரிந்துரைப்பேன். “மசேநிதி நிரப்புதொகைக்கு இவ்வாண்டு வரிவழிச் செலவு எவ்வளவு?” என்று ஓர் உறுப்பினர் தமிழிலேயே கேட்கலாம்.