ஓட்டையில்லாத பந்துக்குள் காற்று புகுவது எப்படி?

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய மகள் டென்னிஸ் பயிற்சிக்குப் போகிறாள். மூன்று பந்துகள் கொண்ட டப்பாவைத் திறந்தால், சில வாரங்களிலேயே அவை செத்துவிடுகின்றன. பழைய பந்துகளை அழுத்தப் பெட்டிக்குள் வைத்தால் மீண்டும் துள்ளும் என்று பயிற்சியாளர் சொல்கிறாராம். "கால்பந்துக்கு ஊசி குத்த ஒரு துளையாவது இருக்கிறது. டென்னிஸ் பந்தில் அதுவும் இல்லை. பிறகு காற்று எந்த வழியாக உள்ளே போகும்? இதை நம்பிப் பணம் செலவழிக்கலாமா?" என்று கேட்கிறார்.

பயிற்சியாளர் சொன்னது உண்மைதான். ஆனால் வாசகியின் ஐயம் மிக நியாயமானது. அதற்கான விடை, இயற்பியலில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் ஒன்றுக்கு நம்மை இட்டுச் செல்கிறது.

முதலில் துள்ளலைப் பற்றிச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பன்னாட்டு டென்னிஸ் கூட்டமைப்பின் விதிப்படி, வழக்கமான ஆட்டப் பந்தை 254 செ.மீ. உயரத்திலிருந்து கான்கிரீட் தரையில் விட்டால், அது 135 முதல் 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும். ஆகவே புத்தம் புதிய பந்துகூடத் தன் ஆற்றலில் பாதிக்குச் சற்று மேல்தான் திருப்பித் தருகிறது. தரையில் மோதும்போது பந்து நசுங்குகிறது. ரப்பர் ஓடு வளைகிறது, உள்ளிருக்கும் வாயு இறுகுகிறது. இறுகிய வாயு தான் வாங்கிய ஆற்றலை ஏறக்குறைய முழுதாகத் திருப்பித் தந்துவிடும். வளைந்த ரப்பரோ அதில் ஒரு பகுதியை வெப்பமாகத் தனக்குள்ளேயே கரைத்துக்கொள்ளும். உள்ளே அழுத்தம் நன்றாக இருந்தால் ரப்பர் அதிகம் வளைய வேண்டியதில்லை, இழப்பும் குறைவு. அழுத்தம் போய்விட்டால் வேலை முழுவதும் ரப்பரின் தலையில் விழுகிறது. 'தொப்'பென்ற சத்தத்துடன் பந்து தரையிலேயே சோர்ந்துவிடுகிறது.

புதிய பந்துக்குள் வெளிக்காற்றைவிடச் சுமார் 0.8 வளிமண்டல அளவு கூடுதல் அழுத்தம் இருக்கும். சமையலறையில் குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே இருக்கும் கூடுதல் அழுத்தத்தைவிட இது சற்றுக் குறைவு. இந்த அழுத்தத்தைத் தொழிற்சாலையில் இரண்டு வழிகளில் அடைக்கிறார்கள். இரண்டு அரைக்கோள ரப்பர் ஓடுகளை அழுத்தமூட்டிய காற்றுக்குள்ளேயே ஒட்டிவிடுவது ஒரு வழி. சோடியம் நைட்ரைட்டும் அம்மோனியம் குளோரைடும் சிறிது நீரும் உள்ளே வைத்து ஒட்டிச் சூடாக்குவது மற்றொரு வழி. அவை வினைபுரிந்து நைட்ரஜன் வாயுவை உண்டாக்கும், மிஞ்சுவது உப்பும் நீரும்தான்.

செத்த பந்து ஒன்றை நான் ஹேக்சா பிளேடால் இரண்டாக அறுத்துப் பார்த்தேன். பிளேடு உள்ளே இறங்கியபோது காற்று சீறும் ஓசை சிறிதும் எழவில்லை. உள்ளே வால்வும் இல்லை, குழாயும் இல்லை. இரண்டு ஓடுகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய வரம்பு மட்டும் தெரிந்தது. ஓட்டின் தடிமன் மூன்றரை மி.மீ. அளவு. விரிசல் எங்கும் இல்லை. இவ்வளவு தடிமனான, முழுதாக மூடிய சுவரைத் தாண்டித்தான் வாயு வெளியே போயிருக்கிறது. போன வாயுவின் எடையைக் கணக்கிட்டால் இன்னும் வியப்பாக இருக்கும். பந்தின் உள்வெளி ஏறத்தாழ 80 கன செ.மீ.; கூடுதலாக அடைத்த காற்றின் எடை 80 மில்லிகிராம் அளவுதான். உயிருள்ள பந்துக்கும் செத்த பந்துக்கும் உள்ள வேறுபாடு சில அரிசி மணிகளின் எடை.

ரப்பர் என்பது ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் மிக நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளின் கூட்டம். கந்தகம் அவற்றை ஆங்காங்கே முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. முடிச்சுகளுக்கு இடைப்பட்ட பகுதிகள் அறை வெப்பநிலையில் ஓயாமல் நெளிந்துகொண்டே இருக்கின்றன. சல்லடையில் இருப்பதுபோன்ற நிலையான துளை அதில் எதுவும் கிடையாது. தேரோட்டக் கூட்டத்தில் எப்படி நகர்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். பாதை என்று ஒன்று இருப்பதில்லை. ஆனால் முன்னால் நிற்பவர் சற்று அசையும்போது ஒரு கணம் இடம் பிறக்கிறது; அதற்குள் நுழைந்துவிடுகிறோம்; பின்னால் அந்த இடம் மூடிக்கொள்கிறது. வாயு மூலக்கூறும் இப்படித்தான் போகிறது. முதலில் அது உட்சுவரில் கரைகிறது, நீரில் சர்க்கரை கரைவதைப் போல. பிறகு, கணத்துக்குக் கணம் பிறந்து மறையும் இடைவெளிகளில் தாவித் தாவி அலைந்து மறுபக்கத்தை அடைந்து ரப்பரைவிட்டு வெளியேறுகிறது.

1831 இல் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த மருத்துவர் ஜான் கியர்ஸ்லி மிட்செல், ரப்பர் பலூன்களிலிருந்து வாயுக்கள் கசிவதைக் கவனித்து, வெவ்வேறு வாயுக்கள் வெவ்வேறு வேகத்தில் ரப்பரைக் கடப்பதாகவும் கார்பன் டை ஆக்சைடு பல வாயுக்களைவிட விரைவாகக் கடப்பதாகவும் எழுதினார். நைட்ரஜனைவிடக் கனமான அந்த வாயு ஏன் முந்த வேண்டும்? 1866 இல் ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிரகாம் காரணத்தைச் சொன்னார்: வாயு ரப்பரில் கரைந்துதான் கடக்கிறது, ஆகவே எது அதிகமாகக் கரைகிறதோ அது அதிகமாகப் போகும். இயற்கை ரப்பருக்குள் கார்பன் டை ஆக்சைடு நகரும் வேகம் ஏறக்குறைய நைட்ரஜனின் வேகம்தான். ஆனால் அது கரையும் அளவோ சுமார் 16 மடங்கு. ஆக்சிஜன் நைட்ரஜனைவிடச் சற்று விரைவாகவும் நகர்கிறது, இரு மடங்காகவும் கரைகிறது. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. ரப்பர்ச் சவ்வின் ஒரு பக்கம் வெற்றிடம் ஏற்படுத்தி மறுபக்கத்திலிருந்து சாதாரணக் காற்றை கிரகாம் கசியவிட்டார். வந்து சேர்ந்த காற்றில் 41 விழுக்காட்டுக்கு மேல் ஆக்சிஜன் இருந்தது!

நான் காதலோடு நின்று பார்ப்பது அடுத்து வரும் செய்தியைத்தான். மொத்த அழுத்தம் எவ்வளவு என்று எந்த வாயுவும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு வாயுவும் சுவரின் இரு பக்கத்திலும் தன் பகுதி அழுத்தம் (கலவையின் மொத்த அழுத்தத்தில் அந்த வாயுவின் பங்கு) என்ன என்பதை மட்டுமே 'பார்க்கிறது'. நைட்ரஜன் மட்டும் அடைத்த புதிய பந்தை எடுத்துக்கொள்வோம். உள்ளே நைட்ரஜன் 1.8 வளிமண்டலம், வெளியே 0.78, அதனால் நைட்ரஜன் வெளியேறுகிறது. ஆனால் உள்ளே ஆக்சிஜன் சுழி, வெளியே 0.21. உள்ளே அழுத்தம் ஏறக்குறைய இரு மடங்காக இருந்தபோதிலும், அந்த அழுத்தத்தை எதிர்த்துக்கொண்டு ஆக்சிஜன் பந்துக்குள் நுழைகிறது! அதுவும் மும்மடங்கு வேகத்துடன். முதல் நாள்களில், வெளியேறும் நைட்ரஜனில் பாதிக்கு மேற்பட்ட அளவை உள்ளே வரும் ஆக்சிஜன் ஈடுகட்டுகிறது. மேசைமேல் அசையாமல் கிடக்கும் ஒரு பந்தின் சுவருக்குள் இரண்டு வாயுக்கள் எதிரெதிர்த் திசையில், ஒன்றையொன்று பொருட்படுத்தாமல் கடந்துகொண்டிருக்கின்றன.

இதை ஒப்புக்கொண்டால் வாசகியின் கேள்விக்கு விடை தானாகவே வந்துவிடுகிறது. காற்று வெளியே போன வழியிலேயே உள்ளேயும் வரும். அதற்குத் தேவையானது வெளிப்புற அழுத்தத்தை உட்புற அழுத்தத்தைவிட உயர்த்தி வைப்பது மட்டுமே. அழுத்தப் பெட்டி என்பது அதுதான்: இறுக மூடும் ஒரு கலம், ஒரு டயர் வால்வு, ஒரு அழுத்தமானி, ஒரு சைக்கிள் பம்ப்.

எத்தனை நாள் வைக்க வேண்டும் என்பதைக் காகிதத்தில் கணக்கிடலாம். தூய இயற்கை ரப்பரின் ஊடுருவு திறன், ஓட்டின் பரப்பு, தடிமன், உள்வெளி ஆகியவற்றைப் போட்டுப் பார்த்தால், கூடுதல் நைட்ரஜனில் பாதி வெளியேற ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். ஆக்சிஜனுக்கு 12 நாள் அளவு. உண்மையான பந்து ரப்பரில் களிமண் போன்ற நிரப்பிகள் கலந்திருப்பதால் இதைவிட மெதுவாக நடக்கலாம். இப்போது பெரும்பாலும் செத்துப்போன பந்து ஒன்றைப் பெட்டிக்குள் வைப்போம். பெட்டியில் 14 பிஎஸ்ஐ (ஏறக்குறைய ஒரு வளிமண்டல அளவு) கூடுதல் அழுத்தம் மட்டும் அடைத்தால், பந்து பழைய நிலையை அடைய இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். இலக்கை நெருங்க நெருங்க அழுத்த வேறுபாடு சுருங்கி, வேகமும் குறைந்துகொண்டே வருவதே காரணம். காருக்கு பெட்ரோல் பங்கில் "30 வைங்க" என்று சொல்கிறோமே, அதே 30 பிஎஸ்ஐயைப் பெட்டியில் வைத்தால் சுமார் இரண்டு வாரம் போதும். ஆனால் அப்போது நாள்களைக் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். மறந்துவிட்டால் பந்து அளவுக்கு மீறி இறுகிவிடும்.

இரண்டு மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டு "ஒன்றும் நடக்கவில்லை" என்று கைவிடுபவர்கள் உண்டு. அவர்கள் பார்த்தது சரிதான். வெளிச்சுவரில் கரைந்த மூலக்கூறுகள் அந்த மூன்றரை மி.மீ. தடிமனை அலைந்து கடந்து உள்ளே சீராக வந்து சேரவே ஐந்து மணி நேர அளவு பிடிக்கும். அதுவரை பந்துக்குள் குறிப்பிடும்படி எதுவும் நுழைவதில்லை. சுவர் மட்டும் நிரம்பிக்கொண்டிருக்கிறது.

மீட்ட பந்து புதியதைவிடச் சற்று விரைவில் சாகும் என்பதற்கும் ஒரு காரணம் இதே கணக்கில் இருக்கிறது. பெட்டியில் அடைப்பது சாதாரணக் காற்று. அதில் ஆக்சிஜன் முந்திக்கொண்டு உள்ளே போகிறது. இரண்டு வாரத்தில் பந்துக்குள் இருக்கும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு வெளிக்காற்றில் இருப்பதைவிடக் கூடிவிடுகிறது. விரைந்து வந்தது விரைந்தே போகும்.

அப்படியானால் இவற்றையெல்லாம்விட விரைவான கார்பன் டை ஆக்சைடைப் பயன்படுத்தினால் என்ன? செத்த பந்தைச் சாதாரண வளிமண்டல அழுத்தத்தில், பம்ப் எதுவும் இல்லாமல், தூய கார்பன் டை ஆக்சைடு நிரம்பிய ஒரு பையில் போட்டு வைத்தாலே போதும். பையில் கார்பன் டை ஆக்சைடின் பகுதி அழுத்தம் 1, பந்துக்குள் சுழி. ஆகவே அது உள்ளே பாயும். உள்ளே இருந்த நைட்ரஜன் வெளியேற வாரக்கணக்காகும் என்பதால் இரண்டும் சேர்ந்து, ஒரு வாரத்துக்குள் பந்தின் அழுத்தம் ஏறத்தாழ 1.7 மடங்காகிவிடும். வெளியே அழுத்தமே கூட்டாமல் உள்ளே அழுத்தம் கூடுகிறது! பகுதி அழுத்தம் என்ற கருத்தை மாணவர்களுக்குச் சொல்ல இதைவிட அழகான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. ஆனால் ஆடுவதற்கு அந்தப் பந்து உதவாது. வெளியே எடுத்த இரண்டு மூன்று நாளில் வந்த வாயுவில் பாதி போய்விடும். மூடிய அறையில் இந்த வாயுவைக் கையாள்வது உயிருக்கே ஆபத்து என்பதால், இதைக் காகிதத்தில் செய்து மகிழ்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பந்தை மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்கினால் உயிர் பெறும் என்ற நம்பிக்கை பரவிக் கிடக்கிறது. அது முற்றிலும் தவறு. 25 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்கினால் உள்ளழுத்தம் 12 விழுக்காடு உயரும். ஆறியதும் பழைய இடத்துக்கே வந்துவிடும். உள்ளே புதிதாக ஒரு மூலக்கூறுகூடச் சேர்ந்திருக்காது. மாறாக, வெப்பம் கசிவை விரைவுபடுத்துகிறது: 25 பாகையில் இருப்பதைப்போல 50 பாகையில் நைட்ரஜன் இரு மடங்குக்கு மேல் ரப்பரை ஊடுருவும். வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் பந்துகளை விட்டுவைப்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

கசியாத ரப்பரில் பந்து செய்துவிடலாமே என்றும் தோன்றும். டயர் ட்யூப்களுக்குப் பயன்படும் பியூட்டைல் ரப்பர், நைட்ரஜனை இயற்கை ரப்பரைவிட இருபத்தைந்து மடங்கு குறைவாகக் கசியவிடுகிறது. ஆனால் அதில் செய்த பந்து அறை வெப்பநிலையில் துள்ளாது. அதன் சங்கிலிகள் எளிதில் நெளிவதில்லை. அதனால் வாயுவுக்கு இடைவெளி பிறப்பதில்லை. அதனாலேயே நசுங்கியபின் அது சட்டென்று மீள்வதுமில்லை. இயற்கை ரப்பரின் சங்கிலிகள் துடிப்பாக நெளிவதால்தான் அது துள்ளுகிறது, அதே நெளிவால்தான் கசிகிறது. இரண்டு ரப்பரின் நற்குணத்தையும் சேர்க்க, 2000களின் தொடக்கத்தில் வில்சன் நிறுவனம் தன் 'டபுள் கோர்' பந்தின் உட்புறத்தில் நுண்களிமண் தகடுகள் கலந்த பியூட்டைல் படலத்தைப் பூசியது.

மேலே நான் போட்ட கணக்குகளுக்கு அடிப்படை, நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் வான் அமெரோங்கன் பல வகை ரப்பர்களையும் பல வாயுக்களையும் ஒவ்வொன்றாக அளந்து 1946 இல் வெளியிட்டவை போன்ற அட்டவணைகள். பொறுமையாக அளந்து எழுதிவைக்கும் இத்தகைய ஆய்வுக்கு இன்று நிதி கேட்டால், "இதன் உடனடிப் பயன் என்ன?" என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரிக்கும் சவ்வுகளும், இயற்கை எரிவாயுவிலிருந்து கார்பன் டை ஆக்சைடை நீக்கும் சவ்வுகளும் இதே கரைந்து கடக்கும் கொள்கையில்தான் இயங்குகின்றன. அளவீட்டுக்கென்றே தனி நிதி ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகிக்கு நடைமுறையில் சொல்ல வேண்டியவை இரண்டு. பிவிசி குழாயை அறுத்து மூடி ஒட்டி வீட்டிலேயே பெட்டி செய்யாதீர்கள். அந்தக் குழாய் நீருக்காகச் செய்யப்பட்டது. அழுத்தமூட்டிய காற்றை அடைத்தால், உடையும்போது கூரிய துண்டுகளாகச் சிதறும். இதற்கென்றே செய்து விற்கப்படும் கலத்தை வாங்குங்கள். அடுத்து, பந்தை உள்ளே வைக்கும்முன் அதன் மேலிருக்கும் கம்பளி நூலாடையைத் தடவிப் பாருங்கள். அது தேய்ந்து வழுக்கையாகியிருந்தால், எவ்வளவு அழுத்தம் ஏற்றினாலும் பந்து காற்றில் புதியதைப்போல் பறக்காது, மட்டையிலும் சுழலைப் பிடிக்காது. மயிர் அடர்ந்திருந்தும் துள்ளல் மட்டும் போன பந்துகளைத் தேர்ந்தெடுங்கள். சுவரில் 254 செ.மீ. உயரத்தில் ஒரு கோடும் 135 செ.மீ. உயரத்தில் ஒரு கோடும் சாக்பீஸால் போட்டுக்கொள்ளுங்கள். மேல் கோட்டிலிருந்து விட்ட பந்து கீழ்க் கோட்டை எட்டத் தொடங்கும்வரை, சில நாள்களுக்கு ஒருமுறை உங்கள் மகளையே சோதித்துக் குறித்துவரச் சொல்லுங்கள்.