பழைய தீயணைப்பு வண்டியின் பூர்வீகத்தைப் பம்பிடம் கேளுங்கள்

பழைய தீயணைப்பு வண்டியை வாங்கியவர் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவது, அது எந்த ஊரில், எந்தக் காலத்தில் வேலை செய்தது என்பதைத்தான். கதவில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரை நம்பிவிட முடியாது. பெரிய நகரம் கழித்துக்கட்டிய வண்டியைச் சின்ன ஊர் வாங்கித் தன் பெயரை எழுதிக்கொள்வது சகஜம். ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரும் பாதிக் கதையைத்தான் சொல்லும். இந்த வண்டியின் உண்மையான உழைப்பு நின்ற இடத்தில் நடப்பது. சக்கரம் அசையாது, ஆனால் என்ஜின் மணிக்கணக்கில் பம்பைச் சுற்றிக்கொண்டிருக்கும். அதனால்தான் பம்பிலிருந்து தொடங்குங்கள் என்கிறேன்.

அமெரிக்க வண்டிகளின் பம்ப் பேனலில், அதாவது பம்பை இயக்கும் கட்டுப்பாட்டுப் பலகையில், பெரும்பாலும் ஒரு உலோகத் தகடு இருக்கும். நிமிடத்துக்கு 750 கேலன் பம்ப் என்று வைத்துக்கொள்வோம். A வகுப்புப் பம்பாக இருந்தால் சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டு அழுத்தத்தில் 750 கேலன், 200 பவுண்டில் 525, 250 பவுண்டில் 375 தர வேண்டும். பழைய B வகுப்பில் முழு அளவு 120 பவுண்டில்தான் கணக்கு. ஆக, தகட்டைப் பார்த்தாலே வண்டியின் தலைமுறை ஓரளவு பிடிபடும்.

அழுத்தம் ஏற ஏறத் தண்ணீர் ஏன் குறைகிறது? மையவிலக்குப் பம்பில் இம்பெல்லர் என்ற சக்கரம் தண்ணீரைச் சுழற்றி வெளியே வீசுகிறது. சுற்றியுள்ள கூடு போகப்போக அகலமாகிறது. அங்கே தண்ணீரின் வேகம் குறைந்து, அந்த வேகமே அழுத்தமாகிறது. சுழலும் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் அழுத்தம் நான்கு மடங்காகும். ஆனால் என்ஜினின் சக்திக்கு ஒரு எல்லை உண்டு. அழுத்தத்துக்கு அதிகம் செலவழித்தால் அளவுக்கு மிச்சம் இருக்காது.

இந்தக் கணக்கே பூர்வீகம் தேடுபவருக்குக் கருவி. 150 பவுண்டில் 750 கேலன் என்றால் தண்ணீருக்குப் போய்ச் சேரும் சக்தி மட்டும் சுமார் 65 குதிரைசக்தி. பம்பிலும் கியரிலும் வீணாவதைச் சேர்த்தால் என்ஜின் 100ஐத் தாண்ட வேண்டியிருக்கும். பேனட்டுக்குள் இருப்பது 70 குதிரைசக்தி என்ஜினா? அப்படியானால் என்ஜினோ பம்போ பிற்பாடு மாற்றப்பட்டிருக்கிறது.

அடுத்து, காற்றை வெளியேற்றும் ஏற்பாட்டைப் பாருங்கள். குளத்திலிருந்து தண்ணீர் இழுப்பது என்று சொல்கிறோமே, உண்மையில் பம்ப் இழுப்பதில்லை. உள்ளே காற்று குறைய, வெளியே உள்ள வளிமண்டலம் தண்ணீரை மேலே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் அதன் பலம் 10.3 மீட்டர் உயரத்தோடு முடிந்துவிடும், நடைமுறையில் 7 மீட்டரைத் தாண்டினாலே சிரமம். காற்றோ தண்ணீரைவிட ஏறக்குறைய 800 மடங்கு லேசானது. காற்று மட்டும் இருக்கும்போது இம்பெல்லர் எவ்வளவு சுற்றினாலும் அழுத்தம் எழும்பாது. அதனால் காற்றை வெளியேற்றத் தனியாக ஒரு சிறு பம்ப் வேண்டும், அல்லது புகைக்குழாய் வாயுவைக் குறுகிய வாய் வழியாகப் பீய்ச்சும் அமைப்பு வேண்டும். பழைய பிஸ்டன் பம்புகளுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவை காற்றையும் தாமே வெளியேற்றிவிடும். ஆனால் அவை தண்ணீரைத் துடிப்புத் துடிப்பாகத் தள்ளும். அஹ்ரன்ஸ்-ஃபாக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் வண்டிகளின் முகப்பில் பளபளக்கும் பெரிய உருண்டை அதற்காகத்தான். உள்ளிருக்கும் காற்று ஒவ்வொரு தள்ளலிலும் அமுங்கி, இடைவெளியில் விரிந்து, ஓட்டத்தைச் சீராக்கும். எனக்குத் தெரிந்து, இவ்வளவு அழகாக ஒரு இயற்பியல் விதியை வெளியில் தூக்கிக் காட்டும் வாகனம் வேறில்லை.

ஊரைக் கண்டுபிடிக்க நல்ல தடயம் ஹோஸ் மாட்டும் வாயின் மரை, அதாவது திருகிப் பூட்டும் வரிகள். 1904 பிப்ரவரியில் பால்டிமோர் நகரம் எரிந்தபோது, வாஷிங்டனிலிருந்து ரயிலில் விரைந்து வந்த வண்டிகளின் ஹோஸ்கள் அங்கிருந்த ஹைட்ரன்ட்களில் (தீயணைக்கத் தண்ணீர் எடுக்கும் தெருக்குழாய்களில்) பொருந்தவில்லை. 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. அதன்பின் இரண்டரை அங்குல ஹோஸுக்கு அங்குலத்துக்கு ஏழரை மரை என்ற தேசியத் தரம் வந்தும், பல ஊர்கள் தங்கள் பழைய மரையை விடவில்லை. உங்கள் வண்டியின் மரை தரத்தோடு பொருந்தாவிட்டால் அது நல்ல செய்தி, தேட வேண்டிய ஊர்கள் குறைந்துவிடும். அடாப்டர் மாட்டியிருந்தால் கழற்றிவிட்டு, அடியிலுள்ள அசல் மரையை அளக்கவும்.

இம்பெல்லரையும் ஒருமுறை திறந்து பார்க்கலாம். சேறும் மணலும் கலந்த குளத்து நீரை வருடக்கணக்கில் இழுத்தது, குழாய் நீரிலேயே வாழ்ந்ததைவிட அதிகம் தேய்ந்திருக்கும்.

இதெல்லாம் கிடைத்த பிறகு தொழிற்சாலை எண்ணோடு ஆவணங்களைத் தேடப் போங்கள். தயாரிப்பாளரின் டெலிவரிப் பதிவு, நகர மன்றத்தின் கொள்முதல் தீர்மானம், அந்தக் காலச் செய்தித்தாள் எல்லாம் அப்போதுதான் கைகொடுக்கும். எண் மங்கியிருந்தால் தகட்டை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், இருக்கும் எண்ணும் போய்விடும். மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்து லேசாக உரசினால், கண்ணுக்குத் தெரியாத இலக்கங்கள்கூடத் தாளில் எழும்பும்.