விண்ணப்ப எண் சான்றிதழ் அல்ல

போன வாரம் ஒரு அரிசிப் பாக்கெட்டின் படம் எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. மாப்பிள்ளைச் சம்பா, ஒரு கிலோ, அச்சு பளிச்சென்று இருந்தது. கீழே 'சான்று பெற்ற ஆர்கானிக்' என்று போட்டு ஒரு எண். அது சான்று எண் அல்ல. சான்று கேட்டு மனு வந்து சேர்ந்ததற்கு எங்கள் அலுவலகம் கொடுத்த எண். அந்த மனுவின் வரைபடத்தில் சந்தேகம் இருப்பதாக நான் எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதிலே வரவில்லை. ஆய்வாளர் அந்த வயலை மிதிக்கவே இல்லை. மனு கொடுத்தவருக்குப் போன் போட்டுக் கேட்டால், "அதான் நம்பர் வந்துடுச்சுங்களே மேடம், அப்புறம் என்ன?" என்கிறார்.

எப்போதாவது ஒன்று என்றால் அவரிடம் சொல்லிவிட்டு விட்டிருப்பேன். இந்த மாதிரிப் பாக்கெட்டுகள் வந்துகொண்டே இருக்கின்றன. அதனால்தான் எழுதுகிறேன். நான் அங்கக, அதாவது ஆர்கானிக், சான்றளிப்பு நிறுவனம் ஒன்றில் மனுக்களைப் பரிசீலிக்கிறவள்.

முதலில் அந்த எண். நீங்கள் விண்ணப்பமும் கட்டணமும் கொடுத்ததும் ஒரு எண் தருகிறோம். உங்கள் கோப்பை அலமாரியிலும் கணினியிலும் தேடி எடுக்க எங்களுக்கு அது தேவை. அதற்கு மேல் அந்த எண்ணுக்கு எந்த மதிப்பும் கிடையாது. அது உங்கள் நிலத்தைப் பற்றியோ அரிசியைப் பற்றியோ எதுவும் சொல்வதில்லை. ஹால் டிக்கெட் வந்ததும் பையன் பாஸ் ஆகிவிட்டான் என்று யாரும் ஊருக்குச் சாக்லேட் கொடுப்பதில்லை. இங்கே மட்டும் பாக்கெட்டே அடித்துவிடுகிறார்கள்.

மனுவுக்குப் பிறகு பரிசீலனை. அதில் தேறினால் ஒப்பந்தம், பிறகு கள ஆய்வு. ஆய்வாளர் தரும் அறிக்கையை வேறொருவர் படித்து முடிவெடுப்பார். ஆய்வு செய்தவரே சான்று கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. அதற்கெல்லாம் பிறகுதான் ஸ்கோப் சர்டிபிகேட் என்கிற தாள் வரும். அதில் உங்கள் பெயர், பயிர், பரப்பு, அந்த நிலம் எந்த நிலையில் இருக்கிறது, எந்தத் தேதி வரை செல்லும் என்பது எல்லாம் இருக்கும். அந்தத் தாளிலும் 'மாறுகாலம்' என்று இருந்தால் அது இன்னும் முழு ஆர்கானிக் ஆகவில்லை என்று அர்த்தம். பருவப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன் 2 ஆண்டு, தென்னை, மா போன்ற நீண்டகாலப் பயிர்களுக்கு முதல் அறுவடைக்கு முன் 3 ஆண்டு மாறுகாலம் என்பது நம் நாட்டு என்.பி.ஓ.பி. (தேசிய அங்கக உற்பத்தித் திட்டம்) விதி. அந்தக் காலத்தில் விளைந்ததை ஆர்கானிக் என்று விற்கக் கூடாது. இதையெல்லாம் விட்டுவிட்டு, மனு கொடுத்த மறுநாளே லேபிள் அடிக்கிறவர்களை என்ன சொல்வது?

2017-ல் வந்த உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி, ஆர்கானிக் என்று சொல்லி உணவுப் பொருள் விற்க என்.பி.ஓ.பி. சான்றோ, விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவரை ஒருவர் சரிபார்க்கும் பி.ஜி.எஸ். முறைச் சான்றோ வேண்டும். வாங்குபவருக்கு நேரடியாக விற்கும் சிறு உற்பத்தியாளர்களுக்கு ஒரு விலக்கு உண்டு. அவர்களும் ஆர்கானிக் உணவுக்கான ஜெய்விக் பாரத் முத்திரையைப் போட முடியாது. 'சான்று பெற்ற' என்ற சொல்லையாவது கொஞ்சம் பயந்து எழுதுங்கள்.

சரி, பரிசீலனையில் நாங்கள் என்னதான் பார்க்கிறோம்? உங்கள் நிலம் ஆர்கானிக்கா இல்லையா என்று மேசையில் உட்கார்ந்து முடிவு செய்வதில்லை. ஓர் ஆய்வாளரை அங்கே அனுப்பினால் அவர் எதைப் பார்க்க வேண்டும் என்று இந்தக் கோப்பைப் படித்தால் தெரிகிறதா, விதிகளுக்கு உட்பட்டு நடக்க இவரால் முடியும் என்று தெரிகிறதா, இந்தப் பயிரையும் இந்தச் சந்தையையும் ஆய்வு செய்ய எங்களுக்கு அங்கீகாரமும் ஆளும் இருக்கிறதா என்று பார்க்கிறோம்.

இதற்குச் சர்வே எண் முக்கியம். பட்டா அப்பா பெயரில், சிட்டா அண்ணன் பெயரில், மனு உங்கள் பெயரில், உழுவது குத்தகைக்காரர் என்றால் நான் யாரோடு ஒப்பந்தம் போடுவது? வாய்மொழிக் குத்தகை நம் ஊரில் சகஜம்தான், எனக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு எழுத்து வேண்டும். அடங்கலில் 2 ஏக்கர், மனுவில் 3 ஏக்கர் என்று இருந்தாலும் கேள்வி வரும். பக்கத்துப் புறம்போக்கைச் சேர்த்து உழுகிறீர்கள் என்பது எங்களுக்குப் புரியும். ஆனால் சான்றில் அதை ஏற்ற முடியாது.

வரைபடம் அழகாக இருக்க வேண்டியதில்லை, கையால் போட்டாலே போதும். நாலு பக்கமும் யார் நிலம், அங்கே என்ன பயிர், மருந்து அடிக்கிறார்களா, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது, கிணறு எங்கே, மேட்டு நிலம் எது, நடுவில் எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறீர்கள் என்பது வேண்டும். மேல்மடை வயலில் களைக்கொல்லி அடித்த தண்ணீர் உங்கள் வயலுக்குள் இறங்கினால் நீங்கள் பஞ்சகவ்யா தெளித்து என்ன பயன்? இப்போது பக்கத்து வயலில் டிரோன் வைத்து அடிக்கிறார்கள். அதையும் குறித்து வையுங்கள். எல்லைப் படம் மட்டும் வரைந்து நடுவில் 'எனது நிலம்' என்று எழுதி அனுப்புகிறவர்கள் தயவு செய்து திருந்துங்கள்.

அடுத்தது நிலத்தின் கடந்த காலம். இங்கேதான் பொய் அதிகம். "நம்மாழ்வார் ஐயா பேச்சைக் கேட்ட நாளிலிருந்து யூரியா தொட்டதில்லை" என்று எழுதுகிறார்கள். பலர் உண்மையாகவே அப்படித்தான். ஆனால் எழுத்தில் ஒரு சான்றும் இருக்காது. விதை வாங்கிய ரசீது, இடுபொருள் கணக்கு, பழைய பி.ஜி.எஸ். பதிவு எதுவும் இல்லாமல் பத்து வருடக் கதையை வைத்து மாறுகாலத்தைக் குறைக்கச் சொன்னால் எப்படிக் குறைப்பது? குறைக்க விதியில் இடம் இருக்கிறது, ஆதாரம் இருப்பவர்களுக்கு.

இன்னொரு பக்கம், போன வருடம் டி.ஏ.பி. போட்டுவிட்டு 'இல்லை' என்று எழுதுகிறவர்கள். ஏன் மறைக்கிறீர்கள்? நம் விதியில் மாறுகாலம் எண்ணத் தொடங்குவது நீங்கள் சான்று முறைக்குள் வந்த பிறகுதான். போன வருட உரத்தை ஒத்துக்கொண்டால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மறைத்து மாட்டினால் முழுக் கோப்பும் சந்தேகத்துக்கு உள்ளாகும். மானிய உரத்தைக் கடையில் ஆதார் வைத்து, விரல் ரேகை வைத்துத்தான் வாங்கியிருக்கிறீர்கள். அது பதிவாகாமல் போகுமா? எல்லாக் கட்டத்திலும் 'இல்லை, இல்லை' என்று ஒரே கையெழுத்தில் ஓடும் மனுவைப் பார்த்தால்தான் எனக்குப் பயம் வருகிறது. அது பெரும்பாலும் ஜெராக்ஸ் கடைக்காரர் நிரப்பியது.

இடுபொருள் பட்டியலில் 'இயற்கை மருந்து' என்று எழுதாதீர்கள். பெயர், யார் தயாரித்தது, எதற்காக, எவ்வளவு என்று எழுதுங்கள். 'பயோ' என்று லேபிள் ஒட்டிய பாட்டில் எல்லாம் அனுமதிக்கப்பட்டது ஆகாது. பிராய்லர் பண்ணைக் கோழி எரு என்றால் கேள்வி வரும். கார்பெண்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லி கலந்த விதை என்றால் நிச்சயம் வரும். பருத்தி மனு ஒன்றில், "பி.டி. விதைதான், ஆனால் மருந்து ஒரு சொட்டு அடிக்கவில்லை" என்று பெருமையாக எழுதியிருந்தார். மரபணு மாற்றிய விதை என்றாலே ஆர்கானிக் பேச்சு அங்கேயே முடிந்தது, மருந்து அடித்தாலும் அடிக்காவிட்டாலும். பஞ்சகவ்யா, ஜீவாமிர்தம், மீன் அமிலம் நீங்களே செய்வதாக இருந்தால் எதைப் போட்டுச் செய்கிறீர்கள் என்று இரண்டு வரி எழுதினாலே போதும்.

எங்கே விற்கப்போகிறீர்கள் என்ற கட்டத்தில் எல்லாவற்றுக்கும் டிக் அடிப்பது இன்னொரு பழக்கம். உள்நாடு, ஐரோப்பா, அமெரிக்கா, 'அப்புறம் தேவைப்படலாம்'. அமெரிக்காவுக்கு நம் என்.பி.ஓ.பி. சான்று மட்டும் இப்போது செல்லாது. நம் சான்றை ஏற்கும் ஏற்பாட்டை அமெரிக்கா 2021-ல் முடித்துக்கொண்டது. அவர்கள் விதிப்படி தனியாகச் சான்று வாங்க வேண்டும். அங்கே தடைசெய்யப்பட்ட பொருளைக் கடைசியாகப் போட்ட நாளிலிருந்து 36 மாதம் கணக்கு. ஊர்ச் சந்தையிலும் உழவர்களின் நேரடிக் கடையிலும் விற்கப்போகிறவருக்கு இவ்வளவு செலவே வேண்டாம். குறைந்தது 5 விவசாயிகள் சேர்ந்து பி.ஜி.எஸ். குழுவாகப் பதிவு செய்து அந்தச் சான்று வாங்கினாலே உள்நாட்டு விற்பனைக்குப் போதும். எங்களுக்கு வரும் வருமானம் போனாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்.

எங்களிடம் என்.பி.ஓ.பி. சான்றைக் குழுவாகக் கேட்கும் தலைவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. 25 பேருக்குக் குறையாமல் வேண்டும் என்பதற்காக ஊர் வாக்காளர் பட்டியலைப் பார்த்துப் பெயர் சேர்க்காதீர்கள். ஆய்வாளர் போய்க் கதவைத் தட்டினால், "ஆர்கானிக்கா, நானா?" என்று கேட்கிற உறுப்பினர்கள் இருக்கிறார்கள். ஒருவர் பொய்யால் மொத்தக் குழுவும் நிற்கும். 2025-ல் வந்த புதிய விதிகளில் குழு சட்டப்படி பதிவான அமைப்பாகவும் இருக்க வேண்டும். ஒரு லெட்டர்பேடு அடித்தால் குழு ஆகாது.

அப்புறம், கேள்விக் கடிதம். அது நிராகரிப்பு அல்ல. ஏதோ எதிர்பார்க்கிறோம் என்றும் அர்த்தம் இல்லை. இதைச் சொல்லத்தான் எனக்குச் சங்கடம், ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. கடிதம் வந்ததும் தெரிந்தவர் மூலம் சிபாரிசுக்கு ஆள் பிடிக்கிறார்கள். கேட்டது ஒரு சிட்டா நகல். அதை ஸ்கேன் செய்து அனுப்புவதற்கு எம்.எல்.ஏ. எதற்கு? இன்னொன்று, "என்ன எழுதணும்னு நீங்களே சொல்லிடுங்க மேடம்" என்பார்கள். என்ன ஆவணம் குறைகிறது, எந்த விதி என்று சொல்வேன். என்ன பதில் எழுத வேண்டும் என்று சொல்ல மாட்டேன். சான்று கொடுக்கும் நிறுவனமே ஆலோசனையும் கொடுத்தால் அந்தச் சான்றுக்கு மரியாதை இல்லை. எங்கள் அங்கீகாரத்துக்கும் அது வேட்டு.

மனு கொடுக்கும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆய்வாளர் வரும்போது பயிர் நிற்க வேண்டும். தை மாதம் அறுவடை முடித்துவிட்டு மனு கொடுத்தால் அவர் வந்து வைக்கோல் போரைத்தான் பார்க்க முடியும். சம்பாவுக்கு என்றால் ஆனி, ஆடியிலேயே கொடுத்துவிடுங்கள். கேள்வி வந்தால் பதில் எழுத நாற்று விடுவதற்குள் உங்களுக்கும் நேரம் இருக்கும். லேபிள் அடிக்கிற அச்சகத்துக்கு மட்டும் இப்போதே அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.