அறிக்கை ரேக்கில், ஆள் பெங்களூரில்

கோவை கணபதி பக்கம் ஒரு பம்ப் பட்டறை. ஆபீஸ் ரூமில் சாமி படத்துக்குக் கீழே ஒரு இரும்பு ரேக். அதில் பழைய டெலிவரி சலான் கட்டுகளுக்கு நடுவே, சுருள் கம்பி பைண்டிங் போட்ட 64 பக்க அறிக்கை ஒன்று பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் இருந்தது. அட்டையில் ஒரு பொறியியல் கல்லூரியின் முத்திரை. உள்ளே அந்தப் பட்டறையின் சப்மெர்சிபிள் பம்ப் இம்பெல்லருக்கு (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) புது வடிவமைப்பு, கலர் கலராக நீரோட்டப் படங்கள், செயல்திறன் 4 சதவீதப் புள்ளி கூடும் என்று முடிவுரை. செலவில் பெரும்பகுதி அரசு மானியம். உறையைப் பிரித்தது நான்தான், அறிக்கை வந்து மூன்று வருடம் கழித்து.

நான் பார்க்கும் வேலைக்குச் சரியான பெயர் கிடையாது. விசிட்டிங் கார்டில் தொழில்நுட்பப் பரிமாற்ற ஆலோசகர் என்று போட்டிருக்கிறேன். பட்டறைகளில் என்னைக் ‘காலேஜ்காரர்’ என்பார்கள், கல்லூரிகளில் ‘இண்டஸ்ட்ரி ஆள்’ என்பார்கள். இரண்டு இடத்திலும் நான் வெளியாள்தான். மானிய விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது, ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்வது, பணம் வந்த பிறகு வரும் சண்டைகளைத் தீர்ப்பது என்று பதினான்கு வருடம் ஓடிவிட்டது.

அந்த அறிக்கை ஏன் ரேக்கில் கிடந்தது என்று ஓனரிடம் கேட்டேன். அவர் எழுந்து போய், வார்ப்புக்கு அச்சு செய்யும் பேட்டர்ன் மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். மேஸ்திரி படத்தை ஒரே ஒரு முறை பார்த்தார்.

“இந்த வேன் 2 மில்லி போட்டிருக்காங்க. நம்ம மவுல்டுல மூன்றரைக்குக் கீழ ஊத்துனா இரும்பு பாதியிலயே ஒறஞ்சு போகுமுங்க. காஸ்டிங்குல கால்வாசி ஸ்கிராப்தான் வரும்.”

வேன் என்பது இம்பெல்லரின் இறக்கை, 2 மில்லி அதன் கனம். அவ்வளவுதான் விஷயம். கம்ப்யூட்டரில் கணக்குப் போட்ட எம்.இ. மாணவருக்கு இது தெரியாது. அவருடைய வழிகாட்டிக்கும் தெரியாது. இருவரும் ஃபவுண்டரிக்கு வந்தது இரண்டே முறை, அதில் ஒரு முறை போட்டோ எடுக்க. மேஸ்திரிக்குத் தெரியும், ஆனால் அவரிடம் யாரும் கேட்கவில்லை. திருத்தலாம் என்று ஓனர் போன் செய்தபோது மாணவர் படிப்பை முடித்து பெங்களூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்திருந்தார். பேராசிரியர் அடுத்த ப்ராஜெக்டில் மூழ்கியிருந்தார். மானியம் கொடுத்த அலுவலகத்தின் கோப்பில் மட்டும் அந்தத் திட்டம் ‘வெற்றிகரமாக நிறைவு’. அறிக்கை சமர்ப்பிக்கப்பட்டது, செலவுச் சான்று வந்தது, கோப்பு மூடியது. யார் மேலும் தப்பில்லை. மானியம் எதை எண்ணியதோ அது கிடைத்தது. எண்ணியது பக்கங்களை.

அரசுப் பணம் போட்டுக் கல்லூரி அறிவைத் தொழிலுக்குக் கொண்டுவரும் முயற்சி பல நாடுகளில் நடக்கிறது. அவற்றில் நான் அடிக்கடி எடுத்துக்காட்டாகச் சொல்வது பிரிட்டனின் ‘நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர் பார்ட்னர்ஷிப்’, சுருக்கமாக கே.டி.பி. 1975-ல் ‘டீச்சிங் கம்பெனி ஸ்கீம்’ என்ற பெயரில் தொடங்கி, 2003-ல் இந்தப் பெயருக்கு மாறியது. அங்கே பணம் போவது அறிக்கைக்கு அல்ல, ஒரு ஆளுக்கு. படிப்பை முடித்த ஒருவரைப் பல்கலைக்கழகம் வேலைக்கு எடுக்கும். ஆனால் அவர் உட்காருவது கம்பெனியில். ஒரு வருடத்திலிருந்து மூன்று வருடம் வரை அங்கேயே வேலை. பேராசிரியர் வாரத்துக்கு அரை நாளாவது அந்தத் திட்டத்துக்கு ஒதுக்க வேண்டும். சில மாதங்களுக்கு ஒரு முறை கம்பெனி, பல்கலைக்கழகம், அரசுத் தரப்பு ஆலோசகர் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து எது நகர்ந்தது, எது நகரவில்லை என்று பார்க்கிறார்கள். சிறு கம்பெனி என்றால் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதன் பொறுப்பு, மீதி அரசுப் பணம். பெரிய கம்பெனியானால் பாதி.

இதை முதல்முறை படித்தபோது எனக்கு மேஸ்திரிதான் நினைவுக்கு வந்தார். அந்த மாணவர் இரண்டு வாரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே 2 மில்லி வேன் வந்திருக்காது.

நம் ஊரில் இந்த மாதிரி நடந்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். அடையாறில் 1948-ல் வந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தைப் பாருங்கள். அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியான ஏ.சி. டெக் பக்கத்திலேயே இருக்கிறது, தோல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள் அங்கேதான் பாடமும் படிக்கிறார்கள். படித்து முடித்து ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளுக்கு அந்தப் பிள்ளைகளே வேலைக்குப் போகிறார்கள். 1996 ஆகஸ்டில் வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, சுத்திகரிப்பு இல்லாமல் இனி ஓட்ட முடியாது என்று ஆனது. பதனிட்ட நீரில் மிஞ்சும் குரோமியத்தை மெக்னீசியம் ஆக்சைடு போட்டுப் படிய வைத்து, அமிலத்தில் கரைத்துத் திரும்பப் பயன்படுத்தும் முறையைத் தொழிற்சாலைகளுக்குள் கொண்டுபோக ஆள் தேவைப்பட்டது. ஆராய்ச்சி நிலையத்தின் வாசனை தெரிந்த ஆட்கள் ஏற்கெனவே தொழிற்சாலைக்குள் இருந்தார்கள். பயம் ஒரு பக்கம் தள்ளியது உண்மைதான். தள்ளும்போது பிடித்துக்கொள்ளக் கை இருந்ததும் உண்மை.

2010-ல் திறந்த சென்னை ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவிலும் இதே யோசனைதான், வேறு உருவில். அங்கே இடம் எடுக்கும் கம்பெனி வாடகை கட்டினால் மட்டும் போதாது. ஐஐடியோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்வது, மாணவர்களைப் பணியில் சேர்ப்பது போன்றவற்றுக்குப் புள்ளி உண்டு, அந்தப் புள்ளிகளைச் சேர்த்தாக வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் தானாகப் பேசிக்கொள்வார்கள் என்று நம்பி விட்டுவிடவில்லை. லிஃப்டில் பார்த்துச் சிரித்துக்கொள்வதற்குப் புள்ளி கிடையாது.

ஆனால் எட்டு லேத்தும் ஒரு சி.என்.சி.யும் வைத்திருப்பவர் தரமணியில் இருக்கும் அந்தப் பூங்காவில் இடம் எடுக்கப் போவதில்லை. அவருக்கு என்ன இருக்கிறது?

முதலில் கேட்கவேண்டிய கதவு தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனத்தின் இன்னொவேஷன் வவுச்சர், அதாவது ஆராய்ச்சி உதவி வாங்கத் தரும் மானியச் சீட்டு. முதல் வகையில் 2 லட்சம் வரை, அடுத்த வகையில் 5 லட்சம் வரை. சிறு தொகைதான். ஆனால் சிறு தொகையைக் குறைவாக நினைக்காதீர்கள். நெதர்லாந்தில் 2004-ல் இதே மாதிரி வவுச்சர் விட்டார்கள், ஒன்று 7,500 யூரோ. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு நிறுவனங்கள் கேட்டன, இருந்ததோ 100 வவுச்சர். குலுக்கிப் போட்டார்கள். குலுக்கியதால் ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு வசதி. கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் பிறகு நேருக்கு நேர் ஒப்பிட முடிந்தது. பத்து வவுச்சரில் எட்டு, அது இல்லாவிட்டால் நடந்தே இருக்காத வேலைக்குப் போயிருந்தது. ஒன்று எப்படியும் நடந்திருக்கும் வேலைக்கு. ஒன்று பயன்படுத்தாமலே போனது. எந்த மானியத்துக்கும் இது மோசமான கணக்கு இல்லை.

பெரிய தொகைகள் வேறு. 2015-ல் வந்த மத்திய அரசின் உச்சதர் ஆவிஷ்கார் யோஜனாவில் தொழில் தரப்பு 25 சதவீதம் போட வேண்டியிருந்தது, மீதியைக் கல்வி அமைச்சகமும் இன்னொரு அமைச்சகமும் பகிர்ந்துகொண்டன. அது ஐஐடிக்களை மையமாக வைத்து வந்த திட்டம். உயிரித் தொழில்நுட்பம் என்றால் 2012-ல் தொடங்கிய மத்திய அரசின் பிராக் நிறுவனம் இருக்கிறது, அதன் ‘பிக்’ மானியம் 50 லட்சம் வரை. 2025-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த ஒரு லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சி நிதியைப் பற்றிக் கேட்டு எனக்கு வாரம் நான்கு போன் வருகிறது. அது பெரும்பாலும் குறைந்த வட்டியில் நீண்டகாலக் கடன், ஆய்வுக்கூடத்தைத் தாண்டி ஓரளவு நிரூபித்த தொழில்நுட்பத்துக்கு. இம்பெல்லர் வடிவம் மாற்ற நினைக்கும் பட்டறைக்கு அந்த வரிசையில் நிற்கும் நேரம் வீண்.

விண்ணப்பத்துக்கு வருவோம். என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் மெஷின் பெயரோடு வருகிறார்கள். “சார், மானியத்துல ஒரு த்ரீடி பிரிண்டர் வாங்கணும்.” மெஷினுக்கு வேறு திட்டங்கள் உண்டு. இந்தப் பணம் ஒரு கேள்விக்கு விடை தேட. ஆகவே கேள்வியை உங்கள் வார்த்தையில் ஒரே வரியில் எழுதிக்கொண்டு வாருங்கள். ‘மழைக்காலத்தில் எங்கள் கோர் ஏன் உடைகிறது’ என்று ஒரு ஃபவுண்டரிக்காரர் துண்டுச் சீட்டில் எழுதி வந்தார். (கோர் என்பது காஸ்டிங்குக்குள் வெற்றிடம் விட வைக்கும் மணல் அச்சு.) நான் கையில் எடுத்த விண்ணப்பங்களில் சுலபமாக ஒப்புதல் கிடைத்தது அதற்குத்தான்.

இன்னொன்று, கல்லூரி வந்து புரிந்துணர்வு ஒப்பந்தம் போடலாம் என்றால் உடனே பேனாவை எடுக்காதீர்கள். கல்லூரிகளுக்கான நாக் தரமதிப்பீட்டில் எத்தனை ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது என்பதற்கு மதிப்பெண் உண்டு. அதனால் மார்ச் நெருங்கும்போது சால்வையும் பூங்கொத்துமாக வருவார்கள். நான் ஒரே பட்டறையின் சுவரில் ஒன்பது ஒப்பந்தங்களை ஃப்ரேம் போட்டு மாட்டியதைப் பார்த்திருக்கிறேன். ஒன்றிலும் ஒரு ரூபாய் நகரவில்லை. கையெழுத்துப் போடுவதில் தவறில்லை, அதை வேலை தொடங்கியதாக நினைத்துக்கொள்வதில்தான் ஆபத்து.

வேலை ஒப்பந்தம் வேறு. அதில் மூன்று விஷயம் எழுத்தில் வேண்டும், அதுவும் முதல் பில் போடுவதற்கு முன்பே. கண்டுபிடிப்பு யாருடையது? எப்போது கட்டுரையாக வெளியிடலாம்? உங்கள் பட்டறைக்குள் பார்த்ததை வெளியே சொல்லலாமா? அமெரிக்காவில் அரசுப் பணத்தில் பிறந்த கண்டுபிடிப்பைப் பல்கலைக்கழகமே வைத்துக்கொள்ள 1980-ல் பே-டோல் சட்டம் வழி செய்தது. இங்கே அதேபோன்ற மசோதா 2008-ல் மாநிலங்களவையில் வந்தது, சட்டமாகவில்லை. அதனால் இங்கே ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு கொள்கை, நீங்களே கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். பிரிட்டனில் இந்தச் சண்டைக்காகவே, உரிமை யாருக்கு என்பதில் வேறுபடும் பல மாதிரி ஒப்பந்தங்களை லேம்பர்ட் குழுவின் பெயரில் 2005-ல் பொதுவில் வைத்தார்கள். இணையத்தில் இலவசம். சட்டம் வேறு என்றாலும், எந்தக் கேள்விகளைக் கேட்கவேண்டும் என்று தெரிந்துகொள்ள நான் இன்றும் அவற்றைத் திறந்து பார்ப்பதுண்டு.

வெளியீட்டு விஷயத்தில் ஒரு பட்டறை என் கண் முன்னாலேயே காப்புரிமையைக் கோட்டைவிட்டது. நல்ல கண்டுபிடிப்பு, சீல் ஒன்றின் வடிவம். காப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று உட்காரும்போது, மாணவியின் ஆய்வேடு ஏழு மாதம் முன்பே இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி ஏறியிருந்தது. வெளியில் தெரிந்துவிட்டால் அது புதுமை இல்லை. சட்டத்தில் விதிவிலக்கு உண்டு, ஆனால் மிகக் குறுகலானது, எங்களுக்குப் பொருந்தவில்லை. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது, பட்டம் வாங்க ஆய்வேட்டை ஏற்றியே ஆக வேண்டும். அவரிடம் யாராவது முன்பே சொல்லியிருந்தால் காப்புரிமை அலுவலகத்தில் ஒரு தற்காலிக விவரக்குறிப்பைப் போட்டுவிட்டு அதன்பிறகு ஏற்றியிருக்கலாம். அதற்குப் பிறகு முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் அவகாசம். கட்டணமும் பெரிய சுமை இல்லை, 2021-லிருந்து கல்வி நிறுவனங்களுக்கு 80 சதவீதம் குறைத்திருக்கிறார்கள்.

பணம் வரும் வேகம் பற்றி நீளமாக எழுதினால் அழுகைதான் வரும். தவணையாக வரும், தாமதமாக வரும். முதல் தவணைக்குச் செலவுச் சான்று போகாமல் இரண்டாவது அசையாது. ஆறு மாதம் கைக்காசில் ஓட்ட முடியாது என்றால் விண்ணப்பிக்காமல் இருப்பதே நல்லது. ஜி.எஸ்.டி.யையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஆராய்ச்சி மானியத்துக்கு 2024-ல் விலக்குக் கொடுத்தார்கள், ஆனால் கல்லூரி உங்களுக்கு ஆலோசனைக் கட்டணம் என்று பில் போட்டால் 18 சதவீதம் உண்டு. தொகைக்குள்ளா, தொகைக்கு மேலா என்பதில் ஒரு நட்பே முறிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கணபதிப் பட்டறைக்குத் திரும்புகிறேன். அந்த 64 பக்கத்தைக் குப்பையில் போட மனம் வரவில்லை. இன்னொரு கல்லூரிப் பேராசிரியரிடம் பேசி, இறுதியாண்டு மாணவர் ஒருவரை வாரத்தில் நான்கு நாள் ஃபவுண்டரியில் உட்கார வைத்தோம். முதல் மாதம் பையன் கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்லை. மேஸ்திரியோடு கோர் பெட்டி செதுக்கினான், ஊற்றுவதைப் பார்த்தான், உடைந்த காஸ்டிங்குகளை அறுத்து அளந்தான். பிறகு வேனை 3.5 மில்லியில் நிறுத்திக்கொண்டு வளைவை மட்டும் மாற்றிக் கணக்குப் போட்டான். 4 வரவில்லை, இரண்டரை வந்தது. அந்த இரண்டரை இப்போது கேட்டலாக்கில் இருக்கிறது.

மானியத்துக்கு எழுதினேன். படிவத்தில் கருவிக்கு ஒரு கட்டம், நுகர்பொருளுக்கு ஒரு கட்டம், ஆலோசனைக் கட்டணத்துக்கு ஒரு கட்டம், பயணத்துக்கு ஒரு கட்டம். பட்டறையில் உட்காரும் மாணவனின் உதவித்தொகைக்குக் கட்டம் இல்லை. கேட்டதற்கு, அடுத்த திருத்தத்தில் பரிசீலிப்போம் என்றார்கள்.

அந்தத் தொகையை ஓனர் கையிலிருந்து கொடுத்தார். மாதக் கடைசியில் கணக்குப் பிள்ளை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டார். ஓனர் யோசிக்கவில்லை.

“ஸ்கிராப்புல எழுதிக்க. போன வருசத்துக்கு அதுதான கொறைஞ்சிருக்குது.”